ஐந்தரை மாதத்தில் தீர்ந்துபோன பேட்டரியும் என் நோட்புக்கும்

என் கணக்குப்படி அந்த பேட்டரி 2 வருடம் 4 மாதம் ஓடியிருக்க வேண்டும். ஐந்தரை மாதத்தில் தீர்ந்துவிட்டது.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவில் அனுப்பிவிட்டுத் தூங்கப்போகும் சின்ன போர்டு அது. சிஆர்2032 காயின் செல் ஒன்றில் ஓடும். செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. போர்டு விழித்திருக்கும் 40 மில்லிசெகண்டில் சராசரியாக 10 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) அளந்திருந்தேன். அதை 60 செகண்டுக்குப் பரப்பினால் 6.7 மைக்ரோஆம்பியர். தூக்கத்தில் 4 மைக்ரோஆம்பியர். மொத்தம் 10.7. அதைக்கொண்டு 220-ஐ வகுத்தால் 20,000 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இதையெல்லாம் ஜூபிட்டர் நோட்புக் (பைத்தான் கோடை எழுதி, அங்கேயே ஓட்டி, விடையைப் பார்க்கும் கணினிக் கோப்பு) ஒன்றில் போட்டு, வரைபடங்களோடு அழகாக முடித்து வைத்திருந்தேன். யார் கேட்டாலும் திறந்து காட்டுவேன்.

அந்த நோட்புக்கில் கோட் தப்பு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் விடை ஐந்து மடங்கு தப்பு. அது எப்படி என்று தேடிப் போனதில்தான் அளவீட்டுத் தரவை நோட்புக்கில் கையாளும் என் பழக்கம் முழுக்க மாறியது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்து, பைத்தான் ஓரளவு கைவந்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் நோட்புக்? நானும் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் ஆரம்பித்தேன். எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைகள்தான். ஒரு சாதாரண ஸ்கோப் ஒரே பிடிப்பில் 1 கோடிப் புள்ளிகளைக் கொட்டிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், செல்களுக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரங்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று நமக்கே தெரியாது. நோட்புக்கில் கோட், அதன் விடை, வரைபடம், நாம் எழுதிய குறிப்பு எல்லாம் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் நிற்கும். இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001இல் தன் தரவு வேலைக்காக எழுத ஆரம்பித்த ஐபைத்தான்தான் இதன் வேர். 2011இல் நோட்புக் வடிவம் வந்தது, 2014இல் ஜூபிட்டர் என்ற பெயர் வந்தது. ஈர்ப்பு அலையை முதன்முதலில் பிடித்த செய்தியை 2016 பிப்ரவரியில் லைகோ ஆய்வகக் குழு அறிவித்தபோது, தரவோடு சேர்த்து அதை அலசும் நோட்புக்கையும் பொதுவில் வைத்தார்கள். அதை இறக்கி ஓட்டிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரைச்சலுக்குள் புதைந்திருந்த அந்தச் சின்ன அலை, நோட்புக்கின் ஒவ்வொரு செல்லாக (கோட் இருக்கும் தனித்தனிப் பெட்டி) ஓட்ட ஓட்ட என் கணினியிலேயே மேலெழுந்து வந்தது. நம் மேசையில் நடக்கும் அளவீடும் அப்படித் திரும்ப ஓட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்தது.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

நோட்புக்கைத் திறந்து முதல் செல்லிலிருந்து ஒவ்வொரு வரியாக, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தேன். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே கரன்டை அளப்பதற்கான 10 ஓம் ஷன்ட் ரெசிஸ்டர் வைத்து, அதன் குறுக்கே விழும் வோல்டேஜை ஸ்கோப்பில் பிடித்திருந்தேன். உச்சத்தில் 18 மில்லிஆம்பியர், அதாவது 180 மில்லிவோல்ட். அது திரையில் அடங்க 50 மில்லிவோல்ட் பெர் டிவிஷன் (திரையின் ஒரு கட்டத்துக்கு 50) வைத்திருக்கிறேன். சிஎஸ்வி கோப்பைப் படிக்கிறேன், 10-ஆல் வகுத்துக் கரன்ட் ஆக்குகிறேன், துடிப்பின் பரப்பைக் கணக்கிடுகிறேன். எல்லாம் சரி. நடுவில் ஒரே ஒரு வரி: துடிப்புக்கு முந்தைய பகுதியின் மீடியனை (நடுமதிப்பு) எடுத்து, முழு அலையிலிருந்தும் கழித்திருக்கிறேன். பக்கத்தில் ‘ஆஃப்செட் நீக்கம்’ என்று ஒரு குறிப்பு.

அந்த வரியை எழுதியபோது எனக்கு நியாயமான காரணம் இருந்தது. ஸ்கோப்பில் எதையும் இணைக்காமல் விட்டாலும் 2 மில்லிவோல்ட் காட்டியது. 10 ஓமில் அது 200 மைக்ரோஆம்பியர். அதை நீக்காமல் விட முடியாது. ஆனால் நான் பூஜ்யமாக எடுத்துக்கொண்ட பகுதி போர்டு தூங்கிக்கொண்டிருந்த பகுதி. ஆஃப்செட்டோடு சேர்த்துத் தூக்கக் கரன்டையும் கழித்து எறிந்துவிட்டேன். அப்புறம் கடைசிச் செல்லில், மைக்ரோகன்ட்ரோலர், ரேடியோ, சென்சார் மூன்றின் டேட்டாஷீட்டிலும் போட்டிருந்த ஸ்லீப் கரன்டைக் கூட்டி 4 மைக்ரோஆம்பியர் என்று கையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன். ஆக, போர்டின் வாழ்நாளில் 99.9 சதவீதத்துக்கும் மேலான நேரத்தை நான் அளக்கவே இல்லை. அளந்ததுபோல ஒரு வரைபடம் மட்டும் இருந்தது, பூஜ்யத்தில் நேர்கோடாக ஓடி, நடுவில் ஒரு துடிப்போடு.

கழிக்காமல் விட்டிருந்தாலும் அந்த ஸ்கோப்பில் அது தெரிந்திருக்காது. என் ஸ்கோப் 8 பிட். திரையின் முழு உயரமான 8 டிவிஷனை, அதாவது 400 மில்லிவோல்ட்டை, 256 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 1.6 மில்லிவோல்ட், கரன்டில் 160 மைக்ரோஆம்பியர். அதற்குக் கீழே இருக்கும் எதுவும் அந்தக் கோப்பில் நம்பிக்கையாகப் பதிவாகாது. சிஎஸ்வி கோப்பில் ஒவ்வொரு எண்ணும் ஆறு இலக்கத்தில் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து நாம் ஏமாறக் கூடாது. இப்போது புது ஸ்கோப் கோப்பு எதைத் திறந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான்: வோல்டேஜ் நிரலில் எத்தனை வெவ்வேறு மதிப்புகள் இருக்கின்றன, அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் யூனிக் கட்டளையால் பார்ப்பது. பத்து செகண்ட் வேலை. அந்தப் படியின் அளவு, நான் தேடும் சிக்னலைவிடப் பெரிதாக இருந்தால், மேற்கொண்டு அலசுவதில் அர்த்தமில்லை. திரும்ப மேசைக்குப் போய் வேறு விதமாக அளக்க வேண்டும்.

திரும்ப அளந்தேன். இந்த முறை தூக்கத்தைத் தனியாக. ஷன்ட்டை 1 கிலோஓம் ஆக்கினேன். அப்போது 1 மைக்ரோஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட் கிடைக்கும். ஆனால் போர்டு விழிக்கும்போது 18 மில்லிஆம்பியர் அந்த 1 கிலோஓம் வழியாகப் போக முடியாது, போர்டு ரீசெட் ஆகிவிடும். அதனால் ஷன்ட்டின் குறுக்கே ஒரு ஜம்பர் போட்டு வைத்து, போர்டு விழித்துத் தூங்கிய பிறகு ஜம்பரை எடுத்தேன். கெப்பாசிட்டர்கள் நிலைக்க 10 செகண்ட் விட்டு, அடுத்து விழிப்பதற்குள் மல்டிமீட்டரில் செகண்டுக்கு ஒன்று வீதம் 40 அளவுகள். அதற்கு முன்பே, போர்டைக் கழற்றிவிட்டு அதே ஒயர்களோடு பூஜ்யத்தையும் பதிந்தேன். ஆஃப்செட் என்று கழிக்க வேண்டியது இந்த அளவைத்தான்.

48.2 மைக்ரோஆம்பியர் வந்தது.

டேட்டாஷீட் சொன்ன 4-ஐக் கழித்தால் மிச்சம் சுமார் 44. மூன்று வோல்ட்டை 44 மைக்ரோஆம்பியரால் வகுத்தால் 68 கிலோஓம். சர்க்யூட் படத்தில் 68 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சென்சாரின் இன்டரப்ட் கம்பியில், அதை பேட்டரியின் பிளஸ் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப்பாக. தூங்கப்போகும் முன் ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் புரோகிராம்) அந்தக் கம்பி சேரும் மைக்ரோகன்ட்ரோலர் பின்னை அவுட்புட்டாக்கி லோவில் விட்டுவிட்டுப் போகிறது. பகலிரவாக அந்த ரெசிஸ்டர் வழியாக பேட்டரி ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபர்ம்வேரில் ஒரே வரி மாற்றினேன், 4.3 மைக்ரோஆம்பியருக்கு இறங்கியது.

48.2-ஐயும் 6.7-ஐயும் கூட்டி மறுபடி வகுத்தால் சரியாக ஐந்தரை மாதம். இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் தற்செயலும் உண்டு. காயின் செல்லின் கொள்ளளவு செல்லுக்குச் செல் மாறும், துடிப்பாக இழுத்தால் இன்னும் குறையும். ஆனால் கணக்கும் நடந்ததும் ஒரே திசையில் நிற்கின்றன என்பது எனக்கு அன்று பெரிய நிம்மதி.

அன்று இரவு இன்னொன்றும் செய்தேன். இந்த முழு அனுபவத்திலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்புக்குக்கு ஒரு பொய்த் தரவைத் தயாரித்துக் கொடுத்தேன். நம்பையில் நாலு வரி: தூக்கத்துக்கு 48 மைக்ரோஆம்பியர், அதன் மேல் 40 மில்லிசெகண்டுக்கு 10 மில்லிஆம்பியர் துடிப்பு, 10 ஓமால் பெருக்கி, 2 மில்லிவோல்ட் ஆஃப்செட் கூட்டி, கொஞ்சம் இரைச்சல் தூவி, 1.6 மில்லிவோல்ட் படிகளாக வெட்டியது. விடை எனக்கு முன்பே தெரியும்: 54.7 வர வேண்டும். நோட்புக் 10.7 என்றது. தூக்கத்தை 500 மைக்ரோஆம்பியராக உயர்த்தி ஓட்டினேன். அப்போதும் 10.7. நான் எதை அளப்பதாக நினைத்தேனோ அதைப் பற்றி அந்த நோட்புக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் பத்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

இப்போது என் ஒவ்வொரு நோட்புக்கிலும் இரண்டாவது செல் பொய்த் தரவு தயாரிக்கும் செல்தான். அலசும் கோட் எல்லாம் ஃபங்ஷன்களாக இருக்கும். முதலில் பொய்த் தரவு அவற்றின் வழியாகப் போய், போட்ட விடை திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் நோட்புக் அங்கேயே நின்றுவிடும். மேசையிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. போர்டு இருக்கும் இடத்தில் ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து 3 வோல்ட் கொடுத்தால் 30 மைக்ரோஆம்பியர் வர வேண்டும். வந்தால்தான் போர்டை மாட்டுவேன். பொய்த் தரவு கோட்டைச் சோதிக்கிறது, தெரிந்த ரெசிஸ்டர் ஒயரையும் மீட்டரையும் சோதிக்கிறது. இரண்டும் வேண்டும்.

அந்த 48.2-க்கு எவ்வளவு பிழை எழுதுவது என்பதிலும் நான் பாடம் படித்தேன். 40 அளவுகளின் திட்ட விலக்கம் 0.02. அதை 40-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.003. பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் இதை ஒரு நொடியில் தந்துவிடும், நானும் அதை அப்படியே எழுதப் பார்த்தேன். ஆனால் மல்டிமீட்டரின் கையேடு அந்த ரேஞ்சுக்கு 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 3 எண்ணமும் என்கிறது. அது 0.27. நூறு மடங்கு பெரிது. ஒரே மீட்டரில் ஆயிரம் முறை அளந்தாலும் மீட்டரின் சொந்தச் சாய்வு சராசரியில் கரையாது. ஷன்ட் ரெசிஸ்டருக்கும் 1 சதவீத டாலரன்ஸ் இருக்கிறது, அதைத் தனியாக அளந்து வைக்காவிட்டால் அதுவே எல்லாவற்றையும் முந்திவிடும். நான் அளந்து, அதன் உண்மை மதிப்பை நோட்புக்கின் முதல் செல்லில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் செல் என்றதும் சொல்ல வேண்டியது: கோப்புக்கும் கோட்டுக்கும் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. ப்ரோப் 1 மடங்கிலா 10 மடங்கிலா, ஸ்கோப்பில் அதற்கேற்ற செட்டிங் இருந்ததா, கிரவுண்டு கிளிப் எங்கே மாட்டியிருந்தது, எந்த ஃபர்ம்வேர். இதெல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். நான் அளந்த உடனே ஒயரிங்கை ஃபோனில் படம் எடுத்து, அதே ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். மூலக் கோப்புகளை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுகிறேன். ஒருமுறை எக்செல்லில் சும்மா திறந்து பார்த்துவிட்டுச் சேமித்ததில் நேர நிரலின் இலக்கங்கள் சுருங்கிப்போயின, அந்த அளவீட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாமல் போயிற்று.

நேர நிரல் தனியாகவே ஒரு பொறி. 1 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு 100 நானோசெகண்ட் இடைவெளியில், மொத்தம் 1 செகண்ட் பிடித்திருந்தேன். நேரம் மைனஸ் 0.5 செகண்டிலிருந்து ஆரம்பிக்கிறது. கோப்பில் ஆறு முக்கிய இலக்கம்தான் அச்சாகும். அதாவது அந்த இடத்தில் 1 மைக்ரோசெகண்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. பத்து வரிசைகளுக்கு ஒரே நேரம். இரண்டாவது நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழித்து சாம்பிள் ரேட் கண்டுபிடிக்கும் என் வழக்கமான வரி பூஜ்யத்தைத் தந்தது, அதற்கடுத்த வரி முடிவிலியைத் தந்தது. முடிவிலி வந்ததால் தப்பித்தேன். இலக்கங்கள் சற்றுக் கூடுதலாக இருந்திருந்தால் கொஞ்சம் தப்பான எண் வந்து, நான் கவனிக்காமலே போயிருப்பேன். கோப்பின் தலைப்பகுதியில் சாம்பிள் இடைவெளி தனியாக எழுதியிருக்கும். அதை எடுத்து, புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து நேரத்தை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் பத்திரம்.

இந்தக் கோப்புகளைச் சிஎஸ்வியாக ஒருமுறை மட்டும் படித்து, வேகமாகத் திறக்கும் பார்க்கே கோப்பு வடிவத்தில் சேமித்துக்கொள்வேன். அடுத்தமுறை கண் இமைப்பதற்குள் திறக்கும். 1 கோடிப் புள்ளிகளை வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் அப்படியே வரைந்தால் மூச்சு வாங்கும். ஆயிரத்துக்கு ஒரு புள்ளி என்று எடுத்து வரைந்தால் மெல்லிய துடிப்புகள் காணாமல் போகும். ஒவ்வொரு ஆயிரம் புள்ளிக்கும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் எடுத்து வரையுங்கள். ஒரே ஒரு புள்ளி அகலத்தில் இருக்கும் கூர்முனைகூடத் தப்பாது.

நோட்புக்கின் சொந்தக் குணம் ஒன்றிலும் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன். செல்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஓட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். வோல்டேஜை ப்ரோப் விகிதமான 10-ஆல் பெருக்கி, அதே பெயரிலேயே திரும்ப வைக்கும் செல் ஒன்று இருந்தது. வரைபடத்தின் நிறத்தை மாற்ற அந்தச் செல்லை இன்னொருமுறை ஓட்டினேன். 3.3 வோல்ட் 33 வோல்ட் ஆயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தது சில மில்லிவோல்ட் இரைச்சல், அது பத்து மடங்கானது கண்ணுக்கு உறுத்தவில்லை. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி மாற்றும் வரை போனேன். அதிலிருந்து இரண்டு விதி வைத்திருக்கிறேன். மூலத் தரவுக்கு ஒரு பெயர், அதிலிருந்து பெற்ற ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர். எதையும் அதே பெயரில் மேலெழுதுவதில்லை. ஒரு எண்ணை யாருக்காவது சொல்வதற்கு முன், கர்னலை (பின்னால் கோடை ஓட்டும் பகுதி) ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்களையும் மேலிருந்து கீழாக ஓட்டுவது. செல்களின் இடப்பக்கத்தில் இருக்கும் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக இல்லாத நோட்புக்கை நான் நம்புவதில்லை, அது என்னுடையதே ஆனாலும்.

சிக்னலை ஃப்ரீக்வென்சிகளாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி பற்றி நிறையச் சொல்லலாம். என்னை அதிகம் அலைக்கழித்தது ஒன்றுதான். ஒரு பவர் சப்ளையின் இரைச்சலை ஆராய்ந்தபோது 200 கிலோஹெர்ட்ஸில் தெளிவான ஒரு கூர்முனை. போர்டில் அந்த ஃப்ரீக்வென்சியில் ஓடும் எதுவுமே இல்லை. இரண்டு நாள் தேடினேன். பிறகு ஸ்கோப்பின் டைம்பேஸைத் தற்செயலாக மாற்றிப் பிடித்தபோது கூர்முனை வேறு இடத்துக்கு நகர்ந்தது. உண்மையான சிக்னல் நாம் எவ்வளவு வேகமாக சாம்பிள் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நகராது. நீண்ட நேரம் பிடிக்க டைம்பேஸை விரித்ததில், மெமரியில் அடங்குவதற்காக ஸ்கோப் தானாகவே சாம்பிள் ரேட்டைச் செகண்டுக்கு 10 லட்சமாகக் குறைத்துவிட்டிருந்தது. பவர் சப்ளையின் கன்வெர்ட்டர் ஓடியது 1.2 மெகாஹெர்ட்ஸில். சாம்பிள் ரேட் போதாததால் அது மடங்கி 200 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பதிந்த பிறகு எந்த ஃபில்டர் போட்டாலும் இதைப் பிரிக்க முடியாது. இப்போது சந்தேகமான எந்தக் கூர்முனையையும் இரண்டு வெவ்வேறு சாம்பிள் ரேட்டில் பிடித்து, ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

எஃப்எஃப்டியில் கூர்முனையின் உயரத்தையும் கவனியுங்கள். அலையின் இரு ஓரங்களையும் மெல்ல அடக்கும் ஹான் விண்டோ போட்டால் உயரம் பாதியாகிவிடும், அதைத் திரும்பப் பெருக்க வேண்டும். 1 வோல்ட் சைன் அலையைப் பொய்த் தரவாகக் கொடுத்து 1 என்று திரும்பி வருகிறதா என்று பார்த்தால் இந்தக் குழப்பம் எதுவும் மிஞ்சாது.

அளவுகளின் மேல் ஒரு சூத்திரத்தின் கோட்டைப் பொருத்தும் கர்வ் ஃபிட் பற்றி ஒரு அனுபவம். 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 10 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கு சார்ஜ் செய்து, பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையின் கர்வ் ஃபிட்டால் எக்ஸ்பொனென்ஷியல் பொருத்தினேன். கோடு புள்ளிகளின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது, பொருத்தக் கெழு 0.99-க்கு மேல். கெப்பாசிட்டர் மதிப்பு மட்டும் 6 மைக்ரோஃபேரட் சொச்சம். அளவிலிருந்து பொருத்திய கோட்டைக் கழித்து, மிச்சத்தைத் தனியாக வரைந்தேன். நல்ல பொருத்தமாக இருந்தால் அந்த மிச்சம் வெறும் இரைச்சலாகச் சிதறிக் கிடக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் மேலே வளைந்து, மறுபக்கம் கீழே வளைந்து, நிதானமான ஒரு அலை. மாதிரியே தவறு என்று அந்த வளைவு சொல்கிறது. இந்த வகைச் செராமிக் கெப்பாசிட்டர்களில் வோல்டேஜ் ஏற ஏற கெப்பாசிட்டன்ஸ் குறையும். சின்ன அளவுப் பாகங்களில் பாதிக்கு மேல்கூடப் போய்விடும். ஒரே எண்ணாக அதைப் பொருத்த முடியாது. ஒவ்வொரு கணத்திலும் ரெசிஸ்டர் வழியாகப் போகும் கரன்டை, வோல்டேஜ் ஏறும் வேகத்தால் வகுத்து, வோல்டேஜுக்கு எதிராக வரைந்தேன். பூஜ்யத்துக்கு அருகே 10-ஐ ஒட்டித் தொடங்கி, 5 வோல்ட்டை நெருங்கும்போது பாதிக்குக் கீழே சரியும் ஒரு வளைகோடு திரையில் வந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு எழுத்தாக மட்டும் நான் பார்த்திருந்த ஒன்று, இப்படி மூச்சு விடுவதுபோல மாறுவதைக் கண்ணால் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்துப்போன தருணம்.

நோட்புக்கை கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோப்பு உள்ளே ஜேசன் என்ற உரை வடிவம். படங்களும் விடைகளும் அதற்குள்ளேயே இருக்கும். ஒரு வரி மாற்றினாலும் நூறு வரி மாறியதாகக் காட்டும். என்பிஸ்ட்ரிப்அவுட் என்ற கருவி கிட்டில் சேர்க்கும்போது விடைகளை உருவிவிடும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நோட்புக்கில் ஒரே ஃபங்ஷனை ஒட்டியிருப்பது தெரிந்தால் அதை எடுத்துத் தனி பைத்தான் கோப்பில் வைத்துவிடுங்கள். நான் இதைத் தாமதமாகச் செய்தேன். ஆஃப்செட் தப்பைத் திருத்திய பிறகு, அதே வரி இன்னும் நாலு நோட்புக்கில் நகலாக இருப்பதைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

திருத்திய ஃபர்ம்வேரோடு அடுத்து 30 போர்டுகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே மாதிரி அளந்தேன்: பூஜ்யம், 100 கிலோஓம் ரெசிஸ்டர், பிறகு போர்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. ஒரே நோட்புக் முப்பதையும் படித்து, முப்பது புள்ளிகளாக ஒரு வரைபடத்தில் வைத்தது. 29 புள்ளிகள் 4.1-க்கும் 4.6-க்கும் நடுவே. பதினேழாவது மட்டும் 11.3. அதன் பூஜ்யமும் ரெசிஸ்டர் அளவும் மற்றவற்றோடு ஒத்துப்போயின, அதனால் குறை போர்டில்தான் என்று தயங்காமல் முடிவு செய்ய முடிந்தது. லென்ஸில் பார்த்தேன். பேட்டரி ஹோல்டருக்குப் பக்கத்தில், கையால் சால்டர் செய்த இடத்தில், ஃப்ளக்ஸ் படிந்து பளபளத்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு இரவு உலரவிட்டு, காலையில் மறுபடி அளந்து நோட்புக்கை ஓட்டினேன். 4.4.